கழிவு

குழி மூன்று, வடகிழக்கு மூலை.
ஆழம் ஒரு மீட்டர் நாற்பது.
காற்று, கொடுங்கையூர் மேட்டிலிருந்து.
முதல் இரண்டை நோட்டில் எழுதினேன்.
மூன்றாவதற்குக் கட்டம் இல்லை.

மேலே கண்டெய்னர் லாரிகளுக்குக் கொட்டிய ஜல்லி.
அதன் கீழ் பையன்கள் விட்டுப்போன கிரிக்கெட் பிட்ச்.
அதன் கீழ் டன்லவி மில்:
செங்கல், சுண்ணாம்பு, கொதிகலன் நின்ற மேடை,
கரி, கரி, ஒரு முழத்துக்குக் கரி,
நடுவே எண்ணெய் ஊறிய பஞ்சு.
நூற்றிருபது வருஷம் கழித்தும்
விரலை விடமாட்டேன் என்கிறது.

ஒரு பித்தளை வில்லை.
எண் 614. பெயர் இல்லை.
வேலைக்குள் போகையில் ஆணியில் மாட்டி
வெளியே வருகையில் எடுத்துக்கொள்வது.
அது மண்ணில் கிடந்தால்
614 உள்ளே போகவே இல்லை,
அல்லது
என்று எழுதி, அடித்தேன்.
ஊகத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு, கடைசியில்.

கரிக்குக் கீழே மணல்,
கடல் எப்போதோ மறந்துவிட்டுப் போன திடல்.
மணலில் வெள்ளைக் கல் துண்டுகள்.
ஜல்லிதான், கொட்டிவிடு என்றேன்.
தனக்கோட்டி கொட்டவில்லை.

இது அவளுக்குப் பதினோராம் நாள்.
அதற்கு முன் ஒன்பது வருஷம் மேட்டில் பிரித்தவள்.
கசக்கும் சத்தத்தை வைத்தே
பிளாஸ்டிக்கின் ஜாதி சொல்வாள்.
ஒரு துண்டை வெயிலில் பிடித்தாள்.
விளிம்பை நகத்தில் இழுத்தாள். நகம் சீவியது.
"உடைஞ்சது இல்ல சார் இது.
உடைச்சது."

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினேழு சில்லுகள்,
ஒரு பாய் அகலத்தில், பிறைபோல்.
பிறையின் வயிற்றில் ஒன்றுமே இல்லை.
அங்கேதான் யாரோ உட்கார்ந்திருந்தார்.
செய்த கத்தியோடு எழுந்து போய்விட்டார்.
விட்டுப் போனதற்கு எங்கள் துறையில்
கழிவுச் சில்லு என்று பெயர்.
மில்லின் பேரேட்டிலும் ஒரு பத்தி இருக்கிறது:
கழிவுப் பஞ்சு, ராத்தல் கணக்கில்.
கூடினால் அரை நாள் கூலி வெட்டு.

அடுப்பும் இருந்தது. பாதி.
மீதியை மில்லின் அஸ்திவாரம் தின்றுவிட்டது.
கட்டடத்துக்குத் தோண்டும் பள்ளத்தை
நம் கொத்தனார்கள் வானம் என்பார்கள்.
அன்று வானம் தோண்டியவன்
மண்வெட்டியில் கறுப்பைப் பார்த்திருப்பான்,
ஒரு நொடி நின்றிருப்பான்,
மேஸ்திரி கத்தியிருப்பான்.
(இதுவும் ஊகம். இதை அடிக்கவில்லை.)

இரண்டு கரியிலும் மாதிரி எடுத்தேன்.
இரண்டு உறை. கறுப்பில் பேதமில்லை.
லேபிளை மாற்றி ஒட்டினால்
சில ஆயிரம் வருஷம் இடம் மாறும்.
மூன்று தடவை பார்த்து ஒட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரம்.
எலுமிச்சைச் சாதத்தை ஓரமாக வைத்துவிட்டு
சல்லடையிலிருந்து இரண்டு சில்லை எடுத்தாள்,
திருப்பினாள், இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.
டக்.
ஒரு தட்டில் பிரிந்த இரண்டும்
இடைவெளி தெரியாமல் உட்கார்ந்தன.
யார்டுக்குள் லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது,
பீப் பீப் என்று.
அவள் கை கழுவாமல் சாப்பிடத் தொடங்கினாள்.

படிவத்தில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரு கட்டம்.
பழக்கத்தில் என் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தேன்,
நூறு தாளிலும்.
அடித்தல் திருத்தல் கூடாது என்று
அடியில் அச்சிட்டிருக்கிறது.
இருநூற்றுப் பதினேழு புதுத் தாள் கேட்டேன்.
எதற்கு என்றார்கள்.

வெள்ளிக்கிழமைவரைதான் அனுமதி.
மூடுமுன் குழியின் அடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்போம்,
இனித் தோண்டுகிறவர்கள்
இதுவரை வந்திருக்கிறோம் என்று அறிய.
தனக்கோட்டி தாளின் ஓரத்தைக்
காதருகே வைத்துக் கசக்கினாள்.

"நல்ல ஜாதி சார். கிலோ முப்பது போவும்.
இது மக்காது."

நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தாள்.
மில்லின் செங்கல்தான், பக்கத்தில் கிடந்தது.
பிறகு மண்.